ஏழு கிலோவும் பனியும்

பயணத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி. கேரளத்தில், பொன்முடி மலையடிவாரக் கல்லாறு கிராமத்தில் எங்கள் டீக்கடையை நேரத்தோடு சாத்திவிட்டுப் பெட்டி கட்ட உட்கார்ந்தோம். மகன் அனுப்பிய மலிவு டிக்கெட்டில் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பெட்டி மட்டும்தான். கடைத் தராசில் நிறுத்து நிறுத்து வைத்தேன். எனக்கு இரண்டு பேண்ட், மூன்று சட்டை, ஒரு கைலி, ஒரு ஸ்வெட்டர். என் மனைவி லீலாவுக்கு மூன்று புடவை, இரண்டு நைட்டி. "எடின்பரோவில இப்போ சம்மர்ப்பா, துணி கொறச்சு எடுத்தா மதி" என்று, கொஞ்சம் துணியே போதுமென்று, மகன் சொல்லியிருந்தான். ஐம்பத்தெட்டு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம். ஆசைப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு முதுகு வலித்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகனும் மருமகள் செல்வியும் அங்கே நர்ஸ்கள். அவள் திருநெல்வேலிப் பெண். இரண்டு வருஷம் முன்பு அவள் ஊரில் நடந்த கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. பிடிவாதம் என்னுடையது. மகன்தான் பேசிப் பேசி இந்தப் பயணத்துக்கு வழி செய்தான். செல்வியிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழரைக்கு அவளிடமிருந்து முதன்முதலாக ஒரு செய்தி வந்தது. "மாமா, இங்க ஒரு வாரமா பனி. பாத்து வாங்க."

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் தோன்றாது. எங்கள் பக்கம் பனி என்றால் காய்ச்சல். மலையாளம் எங்கள் வாயில் அப்படி ஊறிப்போய்விட்டது. பொன்முடியிலிருந்து இறங்கி வருகிற புகைமூட்டத்தை நாங்கள் மஞ்சு என்றுதான் சொல்வோம்.

"ஒரு வாரமா காய்ச்சலாம். வரண்டான்னு சொல்லாம சொல்லுதா" என்று லீலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

வரவேண்டாம் என்கிறாள் என்றுதான் எனக்கும் பட்டது. செல்வியைக் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சம். மகன் டூட்டியில் இருந்தான், போனை எடுக்கவில்லை. ஸ்வெட்டரையும் ஒரு சட்டையையும் வெளியே போட்டுவிட்டு, கஞ்சிக்குக் கொஞ்சம் பொடியரிசியும் சுக்குப்பொடியும் வைத்தோம். போகத்தான் வேண்டுமா என்று சண்டை போடக்கூட எங்களிடம் தெம்பில்லை.

காலை ஒன்பதே முக்காலுக்கு பஸ். திருவனந்தபுரம் தம்பானூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுமங்காடு வரை நின்றுகொண்டே வந்தோம்.

பன்னிரண்டு மணி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. விமான நிலையம் ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். எங்கள் பெட்டிகளைப் பார்த்து, "ஃபோரினுக்கா? இத்ரயே உள்ளோ லக்கேஜ்?" என்றார். இவ்வளவுதானா என்கிறார். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

"மாமா, நான் செல்வி. கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பியாச்சு. பனி கொறஞ்சுதா மோளே?"

"எங்க மாமா? எதுத்த வீடே கண்ணுக்குத் தெரியல."

கண் தெரியாத காய்ச்சலா? "டாக்டர காணிச்சியா?"

"பனிக்கு எதுக்கு மாமா டாக்டரு?" என்றவள், சட்டென்று புரிந்துகொண்டு சிரித்தாள். "ஐயோ, காய்ச்சல் இல்ல மாமா! கடல்லேருந்து வார பனிமூட்டம். குளிரும்லா, ஸ்வெட்டர் எடுத்துக்கிடட்டும்னுதான் எழுதுனேன்."

ஸ்வெட்டர் கல்லாற்றில் கட்டிலின் மேல் கிடந்தது.

"நாங்க வரண்டான்னு சொல்லுதியோன்னு நெனச்சோம்" என்றேன்.

"கடைசி நேரத்துல நீங்க வரலேன்னுட்டா என்ன செய்யன்னு நானும் ஒறங்கல மாமா" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைக் கீழே வைத்தேன். "கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்மா. தப்பு என்மேலதான்" என்றேன். பக்கத்தில் ஒரு கண்டக்டர் ஆற்றிங்கல், ஆற்றிங்கல் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கேக்கல மாமா. என்ன சொன்னீங்க?"

நிஜமாகவே கேட்கவில்லையா, இன்னொரு தரம் கேட்க ஆசையா, எனக்குத் தெரியாது. தம்பானூர் முழுக்கக் கேட்கும்படி திரும்பச் சொன்னேன்.