ஏழு எழுதிய கிடா

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் அந்த வியாபாரியைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, காதில் செருகிய பேனா. ஒரே கயிற்றில் வரிசையாக எட்டு ஆடுகள். ஒவ்வொன்றின் விலாவிலும் பெயின்டால் ஓர் இலக்கம். சேர்த்துப் படித்தால் 73939133.

கோயில் கொடைக்கு நல்ல கிடா இல்லாமல் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். வரிசையின் தலையில் நின்ற ஏழு, யானைக்குட்டி மாதிரி இருந்தது. அதைக் கேட்டேன்.

“அது முடியாது அண்ணாச்சி. இது பகா எண். ஒண்ணையும் தன்னையும் விட்டா எதாலயும் வகுபடாது. வாலுலேருந்து ஒவ்வொண்ணா உருவுனாலும் மிச்சம் வகுபடாது. தலையை எடுத்தா பதினொண்ணால வகுபட்டுரும்லா!”

“வகுபட்டா ஆடு செத்தா போவும்?”

“எனக்கு மனசு கேக்காதுல்லா.”

சரி, வாலைக் காலி செய்துவிட்டால் தலை எனக்குத்தானே? “வாங்க மதினி, எலும்பே இல்லாத ஆடு!” என்று வெயிலில் நின்று நானே கூவினேன். ஒவ்வோர் ஆடு விற்றதும் அவர் மிச்ச எண்ணை உள்ளங்கையில் எழுதி, வகுத்துப் பார்த்து, பூரித்துப்போவார். சாயங்காலம் ஏழு மட்டும் நின்றது. ஆசையாகக் கயிற்றைப் பிடித்தேன்.

“விடுங்க அண்ணாச்சி. இதையும் குடுத்துட்டா மிச்சம் சைபர். சைபர் பகா எண் கெடையாது” என்று கிடாவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோபம்கூட வரவில்லை. நான் விற்றுக்கொடுத்த ஏழு ஆடுகளில் ஒன்றை நானே வாங்கியிருக்கலாம் என்பது, நாகலாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.