கிராண்ட்பாஸில் கிடைத்த வால்வு

யாழ்ப்பாணத்தில் படுக்கையில் விழுந்த தன் தகப்பனைப் பார்க்க, தம்பியையும் கூட்டிக்கொண்டு அம்மா போன மாதமே சண்டையால் பாதை பூட்டுப்பட்டுவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறை அனெக்ஸில் அப்பாவும் நானும் மிஞ்சினோம். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அப்பா கந்தோரிலிருந்து வரும்வரை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டும். யார் தட்டினாலும் குரல் கொடுக்கக் கூடாது. சில நாட்களில், என் குரல் எனக்கே மறந்துவிடுமோ என்று பயந்து, தலையணைக்குள் முகத்தைப் புதைத்து வாய்ப்பாடு சொல்வேன்.

அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பழைய வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது. அது ஊமையாகி வருடக்கணக்கு. அம்மா போன பிறகுதான் அப்பா அதன் முதுகுப் பலகையைக் கழற்றினார். கருகிய வயர்களை மாற்றினார். டயலுக்குப் புது நூல் கட்டினார். கடைசியில் ஒரேயொரு வால்வு மட்டும் குறைந்தது. பெருவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அது இல்லாமல் சத்தம் வராது.

“அம்மா வர முதல் பாட வைச்சிடுவம்” என்றார்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் என்று பழைய சாமான் கடைகளில் தேடினோம். பார்வைக்கு எல்லா வால்வும் ஒன்றுபோலத்தான். கண்ணாடியில் மங்கலாக அச்சடித்த இலக்கம்தான் அடையாளம். எங்களுக்கு வேண்டியது எண்பத்து நாலு. அப்பா வாசிக்கிற கண்ணாடியை ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டு வருவார். ஆகவே இலக்கம் பார்ப்பது என் வேலை. கிழமை நாட்களில் பேசாமல் சாப்பிட்டுப் படுக்கிற மனிதர், ஞாயிறுகளில் மட்டும் மீன் வைத்த மாலுபாண் வாங்கித் தந்து, பஸ்ஸில் வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிறு, கிராண்ட்பாஸ் கடையொன்றை நடத்திய முஸ்லிம் நாநா, துருப்பிடித்த பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார்.

“இதுதானான்னு பாருங்க.”

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எண்பத்து நாலு. சந்தேகமேயில்லை. இதை வாங்கிவிட்டால், அடுத்த ஞாயிறு கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கும் இன்னொரு நாளாகிவிடும் என்பதுதான் அப்போது என் மனதில் வந்தது.

“வேற நம்பர் அப்பா. எண்பத்தொண்டு.”

“வடிவாப் பார்த்தனியோ?”

“ஓம்.”

அப்பா வால்வை வாங்கி உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை நாநாவிடமே திருப்பிக் கொடுத்தார். “பரவாயில்லை. வாற கிழமை பாப்பம்.”

அன்று எனக்கு மாலுபாண் இறங்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அம்மா தம்பியோடு கப்பலில் வந்து சேர்ந்தார். அதுவரை நாங்கள் தேடிக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கடைப்பக்கம் மட்டும் அப்பா திரும்பப் போகவில்லை. அம்மா வந்த கிழமையே, பாடாத ரேடியோவின் முதுகுப் பலகையை அப்பா பூட்டிவிட்டார்.

அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். நாநா பக்கத்தில்தான் நின்றார், கண் நன்றாகத் தெரிகிற மனிதர். அப்பா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரேடியோ பாடத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு அம்மாவுக்காகக் காத்திருப்பதைத் தவிர அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இராது என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.