அரிய மண்

அத்தானின் உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. பகலில் அதற்கு எந்தச் சிறப்பும் இல்லை; உடைந்த சோடாப் புட்டியின் சில்லு என்றால் யாரும் நம்பியிருப்பார்கள். அத்தான் என் அத்தையின் மகன். மதுரைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வெங்காரத்தை உருக்கி, அதில் சமாரியம் என்ற பொருளைச் சிட்டிகைக்கும் குறைவாகக் கலந்து, அவரே வார்த்தெடுத்த கண்ணாடி அது. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், அதை விழுங்கிவிட்டுத் தன் சொந்த நிறத்தில், செம்மஞ்சளாக, ஒளி உமிழும். சமாரியத்தைக் கூட்டினால் ஒளி ஓரளவுவரை கூடும். அதற்குமேல் கூட்டினால் குறையும். எந்த அளவில் குறையத் தொடங்குகிறது, ஏன் குறைகிறது என்று கண்டறிய அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அவருடைய தந்தையான என் மாமாவோ, படித்தது போதும், மலையேறி ஏலத்தோட்டத்தைப் பார் என்று சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு நாலு பேர் முன்னால் நா எழாது. நானோ பதினெட்டு வயதிலேயே எங்கள் வட்டாரத்துப் பட்டிமன்றங்களில் தோல்வி காணாதவன். ஆகவே சிலமலையில் எங்கள் வீட்டுக்கு அவரே வந்து, "அப்பாகிட்டயும் பெரியவங்ககிட்டயும் எனக்காக நீ பேசு மாப்ளே, நான் விளக்கப் போட்டுக் கண்ணாடிய மட்டும் காட்டுறேன்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: சமாரியம் சேர்ந்த இனத்துக்குரிய ‘ரேர் எர்த்’ என்ற ஆங்கிலப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்லிவிட வேண்டும், மண் என்பது பெயரில் மட்டும்தான், பொருள் உலோகம் என்றார். தலையாட்டினேன். ஆனால் மேடையில் ஆங்கிலச் சொல் ஒன்றைக்கூட உதிர்க்காதவன் என்ற புகழ் எனக்கு இருந்தது. அதை ஓர் உலோகத்துக்காக இழக்க நான் ஆயத்தமாக இல்லை.

போடியில் மாமாவின் ஏலக்காய்க் கிட்டங்கியில் உறவுப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் மூட்டைகள்மேல் அமர்ந்திருந்தார்கள். நண்பகல். கதவுகளை அடைத்து, இடுக்குகளைச் சாக்கால் மறைத்தோம். மதுரையிலிருந்து கொண்டுவந்த புற ஊதா விளக்கை அத்தான் போட்டார். இருளில் அந்தக் கண்ணாடி மட்டும் கங்குபோல விழித்தது. ஒரு பெரியவர் விரலால் தொட்டு, சுடவில்லையே என்று மெல்லச் சொன்னார். மாமாகூட முன்னால் குனிந்தார். அந்த நொடியில் நான் வாய் திறவாமல் இருந்திருந்தால் அத்தான் வென்றிருப்பார்.

"அரிய மண்ணின் ஆற்றல் இது" என்று தொடங்கினேன்.

"மண்ணா?" என்றார் மாமா. "இம்புட்டு நாளா அங்க மண்ணையாடா நோண்டிக்கிட்டிருந்தே?"

சிரிப்பு எழுந்தது. அத்தான் இருட்டில் என் முழங்கையைப் பற்றினார். திருத்து என்று அதற்குப் பொருள். திருத்தியிருக்கலாம். ஆனால் சிரித்துவிட்ட கூட்டம் திருத்தத்தைக் கேட்காது, இன்னொன்றைக் கேட்கும். கொடுத்தேன். மலைமண்ணை ஆளப் பிறந்தவர் மதுரையில் மண்ணைக் காய்ச்சுகிறார் என்றேன். பொன் விளையும் மண் வீட்டில் இருக்க, மின்னும் மண்ணைத் தேடிப் போனார் என்றேன். சொற்கள் அடுக்கடுக்காக வந்தன. முழங்கையைப் பற்றியிருந்த கை எப்போது விலகியது என்று கவனிக்கவில்லை. கதவைத் திறந்தார்கள், வெயிலில் கண்ணாடியின் ஒளி காணாமல் போயிற்று. சிரித்து நனைந்த கண்களைத் துடைத்துக்கொண்டே மாமா தீர்ப்புச் சொன்னார்: "மண்ணுதானப்பு பாக்கணும்? மேல நம்ம தோட்டத்துல கொள்ளை மண்ணு கெடக்கு. நாளைக்கு ஜீப்பு லோடு ஏத்திக்கிட்டுப் போகுது, ஏறிக்க."

எல்லோரும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அன்று நான் மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்பினேன். அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. சென்ற மாதம் மலையில் ஒரு பள்ளி விழாவுக்குப் பேசப் போனபோது தோட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஆட்கள் அவரை ‘மண்ணு முதலாளி’ என்கிறார்கள். கேலி என்றே அறியாமல், மரியாதையோடு. அந்தப் பெயருக்கு அவரும் திரும்பிப் பார்க்கிறார். என் பிழைக்கு வருந்துவதை மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். வருத்தத்துக்கும் ஒரு தொடக்கம், ஓர் ஏற்றம், ஒரு முடிப்பு வைத்திருந்தேன். ஏலச்செடியின் தூரில் மண்ணை அணைத்தபடியே, குறுக்கிடாமல், கடைசிவரை கேட்டார்.

"அன்னைக்கு இதவிட நல்லாப் பேசுனே, மாப்ளே" என்று சொல்லிவிட்டு அடுத்த தூருக்கு நகர்ந்தார்.