காது தூராமல் இருக்க

தீபாவளி கழிந்த வாரத்தில் திண்டிவனம் போனால் அண்ணியின் காதில் கம்மல் இருக்காது. அந்த இடத்தில் துடைப்பக் குச்சியை நக அளவுக்கு ஒடித்துச் செருகியிருப்பார். கம்மல் அடகுக் கடையிலிருந்து திரும்பும்வரை காதுத் துளை தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குச்சியின் வேலை. முனை உறுத்தாமலிருக்கத் தரையில் தேய்த்து, மஞ்சள் தடவி, இரண்டும் ஒரே நீளம்தானா என்று பார்த்துத்தான் போட்டுக்கொள்வார். எதிலும் ஒழுங்கை விரும்புகிறவள் நான். அந்த ஒழுங்கைப் பார்க்க மட்டும் மனம் கூசும்.

கம்மல் கடைக்குப் போனதில் எனக்கு வந்த சீருக்கும் பங்குண்டு. நான் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குப் பிறகு தீபாவளிச் சீர் கொண்டுவருவது அண்ணனின் பொறுப்பாயிற்று. எனக்குப் பட்டுப் புடவை, என் வீட்டுக்காரருக்கு வேட்டி சட்டை, தூக்கு நிறைய அதிரசம், பழத்தட்டு. அண்ணன் லாரி ஓட்டுநர், அண்ணிக்குக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை. வேண்டாம் என்று நான் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். “எங்க வூட்டுப் பொண்ணு தீபாவளிக்கு வெறுந்தட்டப் பாத்துக்கினு நிக்கணுமா? உன் மாமியா வாயில நான் வுழணுமா?” என்று கத்துவார். அண்ணிதான் குறுக்கே வருவார். “வாங்கிக்கோ பாப்பா. ஊருக்கெல்லாம் பட்டு காஞ்சிபுரத்துல நெய்றாங்க, உனக்கு மட்டும் என் காதுல நெய்றாங்க.” எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் அண்ணிக்கு வரும் கூலி மளிகைக் கடை பாக்கிக்கே போய்விடும். மார்கழியில் மண்டபம் பூட்டிக் கிடக்கும். தையிலும் மாசியிலும் சேர்த்துத்தான் கம்மலை மீட்பார். அடுத்த ஐப்பசியில் அது மறுபடி போகும். ஒரு மாசி மாதம் கம்மலை மீட்ட கையோடு, இந்தக் கதை இனி வேண்டாம், அடுத்த தீபாவளிக்கு இப்போதே சேர்ப்பது என்று அண்ணி முடிவெடுத்தார். ஆனால் அரிசிப் பானையில் வைத்தாலும் பாங்கில் போட்டாலும் அண்ணன் கைக்குத் தப்பாது. கூட்டாளிக்கு அவசரம் என்பார், லாரிக்கு டயர் என்பார். அவர் பயந்தது மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மட்டும்தான்.

அதனால் ஓர் அமாவாசைக்கு அண்ணி மலையனூர் போய் வேண்டிக்கொண்டு வந்தார். பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது, தீபாவளிக்குத்தான் அவிழ்ப்பது, அதற்கு முன்னால் எதற்காக அவிழ்த்தாலும் முழுப் பணமும் அம்மன் உண்டியலுக்கு. முடிச்சின் இடுக்கு வழியே நோட்டைச் சுருட்டி உள்ளே தள்ளுவார். அதைக் கடக்கும்போதெல்லாம் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொள்வார். “எந்தப் பாங்குலயும் இந்தப் பூட்டு இல்ல பாப்பா” என்று அண்ணிக்கு ஒரே பெருமை.

அந்த ஆடியில், விக்கிரவாண்டிக்கு அருகே நிறுத்தியிருந்த லாரியின் மேல் தார்ப்பாய் கட்டும்போது அண்ணன் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ஆடியில் முகூர்த்தம் ஏது? ஆஸ்பத்திரிக்கு என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். மீதிக்கு அண்ணி கம்மலை வைத்தார். வழக்கமான கடையில் அவ்வளவு தர மறுத்துவிட்டதால் வேறு கடை, அதிக வட்டி. தீபாவளிக்குள் மீட்காவிட்டால் கம்மல் மூழ்கிவிடும், கடைக்காரருக்கே சொந்தமாகிவிடும் என்பது பேச்சு. நான் பார்க்கப் போனபோது அண்ணியின் காதில் குச்சி. தலைக்கு மேலே மஞ்சள் முடிச்சு கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இவ்ளோ வட்டிக்கு வாங்கிட்டு, பணத்தத் தலைக்கு மேல தொங்கவுட்டுக்கினு இருக்கீங்களே அண்ணி!”

“அவுத்தா அம்மனுக்கு. அவுக்கலன்னா தீபாவளிக்கு. ரெண்டுலயும் ஆஸ்பத்திரி இல்ல பாப்பா.”

“அவுத்துடுடி, அம்மங்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த அண்ணன்.

“யோவ், நீ பேசினா அவளும் வட்டி கேப்பா” என்ற அண்ணி, என்னை அடுப்பங்கரைக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “இவரு காலு கூடணும். இப்பப் போயி நான் வாக்கு மாறுவேனா?”

அண்ணனைத் தடுக்கப் போட்ட பூட்டு அண்ணியையும் வெளியே நிறுத்திவிட்டது. பணம் இருந்தும் இல்லாத வீடாக அது ஐப்பசிவரை இருந்தது.

தீபாவளி வந்ததும் முறைப்படி அவிழ்த்தார். முதலில் கம்மலை மீட்பார் என்று நினைத்திருந்தேன். அண்ணன் கோல் ஊன்றி முன்னே வர, அண்ணி சீர்த்தட்டோடு விழுப்புரம் வந்து இறங்கினார். காதில் குச்சி அப்படியே இருந்தது. என் மாமியார் புடவைக் கரையைத் திருப்பிப் பார்த்து, “போன வருசத்துக்கு இது தேவலாம்” என்றார். நான் அண்ணியைத் தனியே இழுத்துப்போய், புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்தாவது கம்மலை மீட்கச் சொன்னேன்.

“தீபாவளிக்குன்னுதான சொல்லி வெச்சேன். கம்மலுக்குன்னு சொல்லலியே” என்றார். பிறகு முகம் மலர்ந்தது. “இந்த வருசம் ஒரு ரூவா கடன் வாங்காம தீபாவளி பண்ணிட்டேன், பாத்தியா?”

கம்மல் மூழ்கியது. அவர் சொன்னது உண்மைதான், தீபாவளிக்கென்று கடன் இல்லை. அன்றைய நாட்குறிப்பில் ‘சீர் வந்தது’ என்பதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இப்போது என் சம்பளத்தில் நகைச் சீட்டுக்கு மாதாமாதம் தானாகவே பிடித்துக்கொள்கிறார்கள். எந்தச் சாமியிடமும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு முடிந்து, இந்தத் தீபாவளி கழிந்த வாரம் ஒரு ஜோடி கம்மலோடு திண்டிவனம் போனேன். அண்ணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். காதில் குச்சி இல்லை. துளை இருந்த இடத்தில் மங்கலாக ஒரு வடு மட்டும்.

“எப்பவோ வுட்டுட்டேன் பாப்பா. வராத ஆளுக்கு எத்தினி நாளு எடம் புடிச்சிக்கினு இருக்கறது?”

“மறுபடி குத்திக்கலாம் அண்ணி.”

நான் நீட்டிய டப்பியைத் திறந்து, கம்மலை விரல் நுனியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பி வைத்து மூடினார். உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய மஞ்சள் துணியின் இடுக்கை விரித்து டப்பியை உள்ளே தள்ளினார்.

“அடுத்த தீபாவளிக்கு உனக்கு சீர் வெக்கணுமில்ல? இத வெச்சா உன் மாமியா வாயே தொறக்காது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கிவிட்டார். துடைப்பத்திலிருந்து உதிர்ந்த குச்சி ஒன்று என் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்து, நக அளவுக்கு ஒடித்தேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.