லாரி ஓட்டுகிற பெட்டிக்கு ஒரு ஒயர் ரிமோட்

என் வீட்டுக்காரர் காலமான மூன்றாம் நாள், அவர் படுத்திருந்த பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். வழக்கம் அப்படி. தலையணை உறைக்குள் விளையாட்டுப் பெட்டியின் ரிமோட் இருந்தது. அவர் எப்போதும் அங்கேதான் செருகி வைப்பார். மூட்டை கட்டியது என் நாத்தனார். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அவள் முடிச்சுப் போடும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். வலது கையும் காலும் விழுந்த பிறகு கட்டிலோடு இருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அந்தப் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டுப் போனான். அதில் லோடு ஏற்றி ஊர் ஊராக லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. ரிமோட்டுக்கு இரண்டு கை வேண்டும். அவரிடம் இருந்தது இடது கை. நான் கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்து மறுபாதியைப் பிடித்துக்கொள்வேன். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவர் விரலில். ஆக்சிலேட்டரும் ஆரனும் என் விரலில். தினமும் நாலு மணிக்கு டீ குடித்துவிட்டு ஐந்து மணி வரை ஓட்டுவோம்.

விளையாட்டில் வருகிற ஊரில் ரோட்டுக்கு வலப்பக்கம்தான் போக வேண்டும். இவர் நம்ம ஊர் போல இடப்பக்கமே போவார். எதிரே வருகிறவனெல்லாம் வந்து மோதுவான். "எவன்டா இவன், ராங் சைடுல வரான். ஆரன் அடி" என்பார். அடிப்பேன். லோடு ஒரு நாளும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததில்லை.

அவர் போன பிறகு நாலு மணி ஆனால் கை சும்மா இருந்தது. அழுகையும் வரவில்லை. லாரி ஓட்டினால் ஐந்து மணி ஆகிவிடும் என்று மட்டும் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து, வேறு ரிமோட் வாங்க வேண்டும் என்று நாத்தனாரிடம் சொன்னேன். ரிமோட் போன விதத்தையும் அப்போதுதான் சொன்னேன்.

"அடப்பாவமே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி? நான் பாட்டுக்குக் கட்டிக் குடுத்துட்டேனே" என்றாள்.

அரியலூரிலேயே கடை இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, யாருக்கு என்று கேட்பார்கள். அதனால் பெரம்பலூர் பஸ் ஏறினோம். பெட்டியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்தது அஞ்சாவது. பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாது என்று பெட்டியையே துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்கவில்லை.

கடைக்காரர் பக்கத்து லப்பைக்குடிக்காட்டு ஊர்க்காரர், முஸ்லிம். துபாயில் இருந்துவிட்டு வந்தவராம். ஐம்பது வயதிருக்கும். துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

"கண்ட்ரோலரா? பேரனுக்காம்மா?"

தலையை ஆட்டினேன்.

"பேரனே கெடையாதுங்க. இவங்களுக்குத்தான்" என்றாள் நாத்தனார்.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "வெளையாடுனா என்னம்மா, நல்லதுதானே" என்று சொல்லி, ஒயர் இல்லாததும் ஒயர் உள்ளதும் எடுத்து வைத்தார். ஒயர் இல்லாதது இரண்டு மடங்கு விலை. அடிக்கடி சார்ஜும் போட வேண்டும்.

"ஒயர் உள்ளதே வாங்குங்க அண்ணி. மூட்டை கட்டுனாலும் வால் வெளிய தெரியும்" என்றாள் அவள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை.

ஒயர் உள்ளதில் விலை குறைந்தது இரண்டு இருந்தன. ஒன்றில் ஸ்டியரிங் திருப்புகிற இடது பக்கக் குமிழ் லேசாக, தொட்டதும் திரும்பியது. இன்னொன்றில் இறுக்கம். கட்டிலிலிருந்து டிவிக்கு எட்டுமா என்று ஒயரை முழம் போட்டுப் பார்த்தேன். இரண்டும் எட்டும். கடைக்காரர் லேசானதை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்க விரலுக்கு இதுதாம்மா தோது."

"இறுக்கமா உள்ளதே இருக்கட்டுங்க" என்றேன். "ஸ்டியரிங் லூசா இருந்தா அவருக்கு ஆகாது."

"அப்ப சாரையே கூட்டிட்டு வாங்களேன். புடிச்சுப் பாத்து எடுத்துக்கட்டும்."

நாத்தனார் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அண்ணன் தவறி மூணு மாசம் ஆவுதுங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

கடைக்காரர் மெல்ல ஏதோ ஓதினார். இரண்டு ரிமோட்டையும் என் முன்னால் அப்படியே விட்டுவிட்டார். இறுக்கமானதைத்தான் நான் கையில் வைத்திருந்தேன். வலது பாதியை மட்டும் பிடித்திருந்தேன். மறுபாதி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே கூடைதான் இருந்தது.

"லேசானதே குடுங்க" என்றேன்.

பெட்டியைக் கடை டிவியில் மாட்டி, ரிமோட் வேலை செய்கிறது என்று காட்டிக் கொடுத்தார். வரும்போது பஸ்ஸில் கூட்டம். நாத்தனார் என் கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நாலு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன். வலது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பிறகு கவனித்து நடுவுக்கு நகர்ந்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். முதலில் லாரி இரண்டு முறை தடுப்பில் இடித்தது. பிறகு வலப்பக்கமாகவே ஓட்டினேன். யாரும் எதிரே வந்து மோதவில்லை. ஆரன் அடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஐந்து மணிக்குள் லோடு போய்ச் சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ பெரிய எழுத்தில் வந்தது.

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"செயிச்சிட்டீங்களா அண்ணி?"

"சேந்துடுச்சு" என்றேன்.

இடது கட்டைவிரல் வலித்தது. டீ குடிக்க மறந்திருந்தேன். அது ஆடை கட்டிக் கிடந்தது. அடுத்த லோடு வேண்டுமா என்று டிவி கேட்பது போலிருந்தது. எப்போதும் அவர்தான் அதை அமுக்குவார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அமுக்கினேன். லாரி கிளம்பியது. இந்தத் தடவை இடப்பக்கம் ஏறி, ஆரன் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.