மழைக்கு வைத்த குடங்கள்

நானும் என் கணவரும் பாய்மரப் படகில் அந்தமான் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். குடிதண்ணீர்த் தொட்டி காலியாகும் நேரத்தில் மழை பிடித்தது. கோலார் தங்கவயலில், எங்கள் பாலகாட் பகுதி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால் ஓடுவதுபோல் ஓடி, குடம், பக்கெட், குக்கர் எல்லாவற்றையும் மேல்தளத்தில் வரிசையாக வைத்தேன். நிரம்பிய நேரம் படகு சாய்ந்தது. அத்தனையும் கவிழ்ந்து, கீழே அறையில் மெத்தை நனைந்தது.

"இன்னாம்மா, பாலகாட் வீடுன்னு நெனச்சியா?" சுக்கானைப் பிடித்தபடி கத்தினார் கணவர்.

"தண்ணி வந்தா புடிக்காம வுட்ருவேனா?"

கயிறெடுத்து ஒவ்வொரு குடத்தின் கழுத்தையும் படகோரக் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன். நிரம்ப நிரம்பத் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் வானம் கறுத்தபோது, நான் எழுவதற்குள் அவர் கயிறோடு நின்றார்.

வீட்டில் குடம் வைத்தால் நிற்கும். கடலில் கட்டினால் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.