என் வீட்டுக்காரர் விசில் ஊதிய இறுதி ஆட்டம்

சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நான்கு வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகக் காய்ந்தால் மறுநாள் மேட்ச் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு லெபனான் அம்மா அதைப் பார்த்துவிட்டு எங்களை டாக்டர் குடும்பம் என்று நினைத்து, ஒருநாள் முழங்கால் வலியைக் காட்ட வந்துவிட்டார். நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்துச் சமையலறையில். என் வீட்டுக்காரர் கட்டட சைட்டில் எஞ்சினியர். கோட்டு அயர்லாந்துக்காரர்களின் ஃபுட்பாலுக்கு.

கேலிக் ஃபுட்பால் என்று பெயர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். இரண்டு கம்பம், நடுவில் குறுக்குக் கம்பி. கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், வெள்ளைக் கொடி காட்ட வேண்டும். கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயின்ட், பச்சைக் கொடி. கையில் பிடித்திருக்கும் பந்தை அப்படியே வலைக்குள் எறிந்தால் மட்டும் கோல் கிடையாது. உதைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தரத்தில் வருவதைக் குத்த வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

அவர் சைட்டில் பாதிப்பேர் அயர்லாந்துப் பையன்கள். அவர்கள் ஆடுவதைப் பார்க்கப் போனவர் ரெஃப்ரியாகத் திரும்பி வந்தார். அந்த வேலைக்கு அவர்களில் ஆள் கிடைப்பதில்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு ஊர், ஒரு கிளப், எதிர் டீமில் ஒரு மச்சான் இருப்பான். விசிலை வாயில் வைத்தாலே சண்டை. இவருக்கு அங்கே ஊரும் இல்லை, கிளப்பும் இல்லை, மச்சானும் இல்லை. திருச்சிக்காரர் யாருக்காக ஓரவஞ்சனை செய்யப் போகிறார்? பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோல் கம்பத்தடியில் கொடியோடு நிற்கிற நான்கு பேரையும் ரெஃப்ரியே கூட்டி வர வேண்டும். அயர்லாந்தில் அண்ணன் தம்பி, மாமனார் என்று ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். இவர் யாரை ஏற்றுவார்? என்னை ஏற்றினார். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனையும் அவர் மனைவியையும் ஏற்றினார். நாலாவதாக அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், பாவம், மறுக்கத் தெரியாதவர். சனிக்கிழமை மேய்ஸ் ஹில் கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற நாங்கள், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றோம்.

எங்களுக்கு அவர் போட்ட சட்டம் இரண்டு. முதல் சட்டம், "நான் கேட்டா சொல்லு. கேக்கலேன்னா நீ பாக்கல." வீட்டிலும் இதே சட்டம்தான் என்பதால் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. இரண்டாவது, மைதானத்தில் எல்லாரும் அவரை 'ரெஃப்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆட்டக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனிதர் ஒரு இஞ்ச் உயர்ந்தது போல இருக்கும். அண்ணனுக்கு அந்த வார்த்தை சட்டென்று வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க'தான். பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, இதில் ரெஃப் எங்கே வரும்? "தங்கச்சி, ரெஃப் எண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" என்று அண்ணன் காரில் கேலி செய்வார். சொல்லப் போனால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பல வருடம் கடைசி வரிசை டீம்களின் ஆட்டங்களுக்கு, மழையிலும் சேற்றிலும் ஓடினார். போன வருடம்தான் சிட்னி இறுதி ஆட்டத்தை அவரிடம் கொடுத்தார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "ஜெயிச்சவனுக்கும் தோத்தவனுக்கும் என் முகமே ஞாபகம் இருக்கக் கூடாது. யாரு விசில் ஊதுனான்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லணும். அதுதான் நல்ல ஃபைனல்." வேறு எதற்குமே அவர் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. வீடு வாங்கும்போதுகூட இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் பயிற்சிக்கு ஓடப் போன இடத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்கவே சுவரைப் பிடித்தார். மாற்று ரெஃப்ரி ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார், சொல்லிவிடுங்கள் என்றேன். கெஞ்சினேன். கத்தியும் பார்த்தேன்.

"ஒரு மணி நேர ஆட்டம்தானே. கட்டு போட்டு விடு."

போட்டு விட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

மைதானத்தில் நல்ல கூட்டம். பச்சை, மஞ்சள், நீலம் என்று சட்டைகள், தோளில் குழந்தைகள், ஒரு பக்கம் தொத்திறைச்சி சுடுகிற புகை. நானும் அண்ணனும் ஒரு கோலில், மற்ற இருவரும் எதிர்க் கோலில். இரண்டாவது பாதியில் எங்கள் கோலைக் காக்க வந்தவன் தச்சு வேலை செய்கிற பையன். பந்து தூரத்தில் இருக்கும்போது கோல்கீப்பர்கள் எங்களோடு பேசுவது வழக்கம். விசா முடிகிறது, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், கோப்பையோடு போனால் அம்மா நம்பவே மாட்டாள் என்றான். அவனுக்கு ஒரு மின்ட் மிட்டாய் கொடுத்தேன்.

முதல் பாதி வரை இவர் சமாளித்தார். பாதி ஆட்டத்துக்குப் பிறகு காலை இழுப்பது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வலித்தால் இடது கையை இடுப்பில் வைத்துக்கொள்வார். இதை இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும். கொடியை வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போகவும் முடியாது, போதும் என்று சொல்லவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நிமிடம். எங்கள் பக்கத்துப் பையனின் டீம் இரண்டு பாயின்ட் முன்னால் இருந்தது. எதிர் டீம்காரன் தூரத்திலிருந்து உயரமாக ஒரு பந்தை அடித்தான். அது கோல் முன்னால் இறங்க, ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அடியில் கிடந்த ஒருவன் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, தவலையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வலைக்குள் தள்ளிவிட்டான். என் காலுக்கு நேரே நடந்தது. உதையும் இல்லை, குத்தும் இல்லை. எறிந்தான்.

இவர் எங்கே என்று பார்த்தேன். மைதானத்தின் நடுவில் இருந்தார். ஓடி வந்திருக்க வேண்டிய தூரத்தில் பாதிகூட வரவில்லை. அவருக்கு முன்னால் எல்லாம் முதுகுகள்.

"கூப்பிடுங்க அவரை, நீங்க பாத்தீங்க இல்ல" என்று கோல்கீப்பர் என்னைப் பார்த்துக் கத்தினான். அண்ணன் நின்ற பக்கம் முழுக்க ஆட்கள் மறைத்திருந்தார்கள். "நான் காணேல்ல தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

சட்டமாவது கிட்டமாவது என்று வாயைத் திறந்தேன். "என்னங்க" என்றுதான் வந்தது. மறுபடியும் சத்தமாக, "என்னங்க, இங்க பாருங்க." அவ்வளவு இரைச்சலில், நூற்றுக்கணக்கானவர்கள் ரெஃப், ரெஃப் என்று கத்திக்கொண்டிருக்கும்போது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. ஸ்கோர் பலகையைப் பார்த்தார், பிறகு அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் எங்கோ பார்த்துத் தலையை ஆட்டினார். கோல்.

ரெஃப்ரி தலையாட்டினால் கொடியைத் தூக்க வேண்டும். பச்சைக் கொடி என் கம்பத்தடியில் இருந்தது. என் கையாலேயே எடுத்துத் தூக்கினேன். பையன் என்னைத் திட்டவில்லை. அந்த மின்ட் மிட்டாய்த் தாளைப் பையிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்து போனான். திட்டியிருந்தால் தேவலை.

கடைசி விசில் ஊதியதும் தோற்றவர்கள் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் காருக்குப் போய்ச் சேர்வதற்குள் யாரோ எடுத்த வீடியோ எல்லார் ஃபோனிலும் ஓடிக்கொண்டிருந்தது. எறிவது அதில் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே இவர் முகம் பெரிதாக.

மேட்ச் முடிந்தால் ரெஃப்ரி தன் ஆட்களுக்குச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம்தான். பென்டில் ஹில்லில் வழக்கமான கடையில் கொத்துரொட்டி சொன்னோம். அண்ணன் ஒருமுறை, "உதெல்லாம் ரெண்டு நாளையில மறந்துபோடுவினம்" என்றார்.

வீட்டில் கட்டை அவிழ்த்து விட உட்கார்ந்தேன். கால் வீங்கி, ஊதா நிறத்தில் இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்போது அவராகவே சொன்னார்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு."

"கேட்டும் ஏங்க திரும்பல?"

"ரெஃப்னு கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன். நீ என்னங்கன்னு கூப்பிட்ட. அத்தனை பேர் முன்னாடி, பொண்டாட்டி கூப்பிட்டா திரும்புறவன்னு ஆயிடக் கூடாதுன்னு நெனச்சேன்." வீங்கின காலைத் தடவிக்கொண்டார். "நீ என்ன பாத்தேன்னு எனக்குத் தெரியும். நீ காரணமில்லாம கத்த மாட்ட."

கட்டுத்துணியைச் சுருட்டி வைத்தேன்.

இந்த வருட சீசன் தொடங்கிவிட்டது. அவர்கள் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. கோட்டுகளை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். வீட்டில் இப்போது நான் 'என்னங்க' என்றால், டிவி எவ்வளவு சத்தமாக ஓடினாலும் உடனே திரும்பிவிடுகிறார். அப்படித் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. சில சமயம் அடுப்படியில் தனியாக இருக்கும்போது, குழம்பைக் கிளறிக்கொண்டே 'ரெஃப்' என்று சொல்லிப் பார்க்கிறேன். சிரிப்பு வருவதில்லை. அந்த வார்த்தை ரொம்பச் சுலபமாக வருகிறது.